கண்டிக் காடுகளும் காவற் சட்டங்களும்

வனவிலங்குகள் காக்கப்படல் வேண்டும் என்பதில் இன்று கருத்து வேற்றுமை இல்லை. அவற்றை யாரிடமிருந்து காப்பது என்னும் வினாவிலேயே விவாதம் எழுகின்றது. ஆபிரிக்காவில் 1951 இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவாயிற்று. அங்கு மந்தை மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் 1959 இல் வெளியேற்றப்பட்டனர். இதே வினாவைக் கண்டிப் பிரதேச வரலாறும் எழுப்புகின்றது.

கண்டியரசில் யானை மன்னனுக்குரிய உடைமையாகும். அரண்மனையை அடுத்த உடவத்தைக்காடு குடிமக்கள் புகலாகாத தடைவனமாய் விளங்கியது. 1815 இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளை முடிக்குரியனவாகக் கொண்டது. மலைச்சாரல்கள் கோப்பித் தோட்டங்களாக, அவற்றில் உழைக்கத் தென்னிந்தியத் தமிழர் கொணரப்பட்டனர். யானையோ பயிருக்குப் பகையாயிற்று. அதனைக் கொல்வோர்க்கு அரசே பரிசளித்தது. மலைநாட்டுக்கு அப்பாலும் இந்நிலையே நிலவிற்று. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டதாக எமேர்சன் தெனன்ற் எழுதியுள்ளார்.

அழிவு பெருகியபின் காவல் பற்றிய எண்ணம் வலுப்பெற்றது. உடவத்தைக்காடு 1856 இல் ஒதுக்குக் காடாயிற்று. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுமாறு 1873 இல் கியூ தாவரவியற் பூங்காப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. அதனை நிறுவியோர் வேட்டைப் பிரியர்களே என்பது ஈண்டு நோக்கற்பாலது. பொழுதுபோக்கிற்காகச் சுடுபவன் கனவானாகவும், உணவிற்காகப் பொறி வைக்கும் கிராமத்தவன் குற்றவாளியாகவும் கருதப்பட்ட மனப்பாங்கு இக்காலத்தது. 1937 இல் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு உடவத்தைக்காடு சரணாலயமாயிற்று.

சுதந்திரத்தின் பின்னரும் இவ்வினா தீர்ந்திலது. கண்டிக்கு வடகிழக்கே எழும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000 இல் பாதுகாப்பு வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைக் களத்தின் ஒரு கூறாயிற்று. அங்குக் காட்டு நிழலில் ஏலம் பயிரிடுவது தடுக்கப்பட்டது. ஏலச் செய்கைக்காகக் கீழ்மரங்களை வெட்டுவதும், ஏலத்தை உலர்த்த விறகு எரிப்பதும் காட்டைச் சிதைத்தன என்பது மெய்யே. ஆயினும், அதுவே பல குடும்பங்களின் பிழைப்பாகவும் இருந்தது.

மலைகளை மொட்டையாக்கிய பெருந்தோட்டக்காரர் நிலவுரிமை பெற்றனர். எஞ்சிய காட்டைக் காக்கும் சுமையோ அதனை அண்டி வாழும் எளியோர் மீது விழுந்தது. காவல் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. காவலின் பயன் எல்லோர்க்கும் உரியதாயின், அதன் இழப்பையும் எல்லோரும் பகிர்தலே முறையாகும்.