கிள்ளான் பள்ளத்தாக்கில் மலிவு விலை இயர்போன்: தேர்வும் பயன்பாடும்

காதுத் துளைக்குள் செருகிக்கொள்ளும் சிறிய ஒலிக்கருவியான இயர்போன், கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இரயிலில் வேலைக்குப் போய்வருவோரின் அன்றாடத் துணை. கிள்ளானில் கேடிஎம் கொமுட்டர் ஏறினால் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் வந்துசேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் பாட்டு, செய்தி, வீட்டாருடன் பேச்சு எல்லாம் கைப்பேசியிலும் இயர்போனிலும்தான் நடக்கின்றன. 150 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இயர்போன்களைப் பற்றியது இக்கட்டுரை. இந்த விலைக்குள் எது வாங்கினாலும், அது காதில் எப்படிப் பொருந்துகிறது என்பதே முதல் கேள்வி. விற்பனைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எதுவும் அதற்கு விடை சொல்லாது.

விலையும் தரமும்

விலை கூடினால் ஒலியும் கூடுதலாக நன்றாயிருக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளையும் கடை விலைகளையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் எழுதினார். விலையில் ஒரு பங்கு பெயருக்கும் பெட்டிக்கும் உலோக உடலுக்கும் போகிறது.

1991இல் அமெரிக்காவின் எடிமோடிக் நிறுவனம் ஈஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டபோது இத்தகைய கருவி ஒலிப்பதிவுத் துறையினருக்கும் வசதி படைத்தவர்களுக்கும் மட்டுமே எட்டியது. கடந்த பத்தாண்டுகளில் சீன நிறுவனங்கள் இந்த நிலையை மாற்றிவிட்டன. கேஇசட், மூன்ட்ராப், 7ஹெர்ட்ஸ் போன்ற பெயர்கள் இன்று மலேசிய இணையச் சந்தைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. 2022இல் வந்த மூன்ட்ராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோ இரண்டும் சுமார் 20 அமெரிக்க டாலருக்கு, அதாவது நூறு ரிங்கிட்டுக்குள், பல மடங்கு விலையுள்ளவற்றோடு ஒப்பிடத்தக்க சமநிலையான ஒலியைத் தந்தன. இரண்டிலும் ஒரு காதுக்கு ஒரே ஒலிப்பான்தான். ஆகவே ‘நான்கு ஒலிப்பான்கள்’, ‘எட்டு ஒலிப்பான்கள்’ என்ற விளம்பரங்களுக்கு மயங்க வேண்டியதில்லை. 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்ற முத்திரையும் அப்படித்தான்: மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ், வயது ஏற ஏற அதுவும் குறையும்.

பொருத்தம்

இயர்போனுக்கும் காதுத் துளையின் சுவருக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த சுரங்கள் அதன் வழியே கசிந்து போய்விடும். தவிலின் தொப்பிப் பக்கமும் பேஸ் கிட்டாரும் மெலிந்து, பாடல் முழுவதும் தகரத்தில் தட்டியதுபோல் கேட்கும். ‘மட்டமான செட்’ என்று ஒதுக்கப்படும் இயர்போன்களில் பல, உண்மையில் அளவு தவறிய ரப்பர் முனையோடு மாட்டப்பட்டவை. பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று இணை சிலிகோன் முனைகள் வரும். பெரும்பாலோர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். வலது, இடது காதுத் துளைகள் ஒரே அளவில் இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் இரு பக்கமும் வெவ்வேறு அளவு போட்டுக்கொள்வதில் தவறில்லை.

மாட்டும்போது ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, மறு கையால் இயர்போனை மெல்லத் திருகி உள்ளே வைத்தால் துளை நேராகி முனை சரியாக அமரும். அமர்ந்ததும் சுற்றுச் சத்தம் சட்டென்று தணியும், சொந்தக் குரல் தலைக்குள் முழங்கும். இவ்விரண்டும் நடக்கவில்லையென்றால் முனை சேரவில்லை. எந்த சிலிகோனும் சேராதவர்களுக்கு நுரை முனை உதவும்: விரலால் நசுக்கிச் செருகினால் உள்ளே மெதுவாக விரிந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் நம் ஊர் வியர்வையில் நுரை சீக்கிரம் நைந்துபோகும். நூறு ரிங்கிட் கையில் இருந்தால், அறுபதுக்கு இயர்போனும் மிச்சத்தில் நல்ல முனைகளும் வாங்குவது, நூறையும் இயர்போனிலேயே போடுவதைவிடப் புத்திசாலித்தனம்.

இரயில் இரைச்சலும் செவிநலமும்

பொருத்தம் ஒலிநயத்தோடு முடிந்துவிடும் விஷயமும் அல்ல. சுரங்கப்பாதையில் ஓடும் எம்ஆர்டியிலும் எல்ஆர்டியிலும் இரைச்சல் ஏறும்போது, தளர்வான இயர்போன் போட்டவர் தம்மையறியாமல் ஒலியைக் கூட்டுவார். இறங்கிய பிறகும் குறைக்க மறந்துவிடுவார். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பது பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. கிள்ளானுக்கும் சென்ட்ரலுக்கும் வாரத்தில் ஐந்து நாள் போய்வரும் ஒருவர் 10 மணி நேரம் கேட்கிறார் என்றால், 86 டெசிபெலிலேயே அவருடைய வாரப் பங்கு தீர்ந்துவிடும். நன்கு அடைத்துக்கொள்ளும் முனை வெளி இரைச்சலைத் தடுப்பதால், குறைந்த ஒலியிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். ஐபோனிலும் சாம்சங் கைப்பேசிகளிலும் ஒலிக்கு மேல்வரம்பு வைக்கும் வசதி உண்டு; பிள்ளைகளின் கைப்பேசியில் அதைக் கட்டாயம் போட்டுவைக்க வேண்டும். உள்செவியின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

வெளிச்சத்தம் கேட்காமை இரயிலில் வரம். மோட்டார் சைக்கிளிலும் சாலையைக் கடக்கும்போதும் அதுவே ஆபத்து. அங்கே கழற்றிவிட வேண்டும்.

கைப்பேசியின் துளை

கடைக்குப் போகுமுன் கைப்பேசியைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. 2016இல் ஐபோன் 7 வந்தபோது ஆப்பிள் 3.5 மி.மீ. ஜேக்கை நீக்கியது, மற்ற நிறுவனங்களின் விலையுயர்ந்த கைப்பேசிகளும் பின்தொடர்ந்தன. மலிவான ஆண்ட்ராய்ட் மாடல்கள் சிலவற்றில் ஜேக் இன்னும் இருக்கிறது. ஐபோன் 14 வரை லைட்னிங் துளை, 2023இல் வந்த ஐபோன் 15 முதல் யுஎஸ்பி-சி.

பலர் ஏமாறுவது யுஎஸ்பி-சி இணைப்பானில். சில கைப்பேசிகள் ஒலியைத் தாமே மாற்றித் துளை வழியே அனுப்பும். வேறு பல அனுப்பாது. அவற்றுக்கு எண்முறை ஒலியை மாற்றும் சில்லு இணைப்பானுக்குள்ளேயே இருக்க வேண்டும். சில்லு இல்லாத மலிவு இணைப்பானைச் செருகினால் பாட்டு கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சில்லுக்கு டிஏசி என்று பெயர்; ‘டிஏசி உள்ளது’ என்று குறிப்பிட்டதைக் கேட்டு வாங்கலாம்.

கம்பி இயர்போனுக்கு இன்னொரு பயன் உண்டு. எஃப்எம் வசதியுள்ள கைப்பேசிகளில் அந்தக் கம்பிதான் ஆண்டெனா. கோலாலம்பூர் வட்டாரத்தில் 96.3இல் மின்னல் எஃப்எம், 99.3இல் ராகா இரண்டையும் டேட்டா செலவில்லாமல் கேட்க இதுவே வழி. கம்பி முதலில் அறுந்துபோவது ஜேக்கின் கழுத்தில். அதனால் கழற்றி மாற்றக்கூடிய, 0.78 மி.மீ. இரட்டை முள் கம்பி உள்ள மாடல் நீண்ட நாள் உழைக்கும்.

கம்பியில்லாதவை

புளூடூத் இயர்பட்கள் வசதியானவைதான், நெரிசலான கொமுட்டரில் கம்பி சிக்காது. இரைச்சல் நீக்கும் வசதி இப்போது மலிவு மாடல்களிலும் வருகிறது. இரயிலின் தாழ்ந்த உறுமலை நன்றாகக் குறைக்கும், பக்கத்தில் பேசுபவரின் குரலை அவ்வளவாகக் குறைக்காது. ஆனால் உள்ளே இருக்கும் சிறு மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், மலிவு மாடல்களில் அதை மாற்ற முடியாது. ஒரே விலையில் ஒலிக்கு முதலிடம் தருபவர் கம்பியுள்ளதையே தேர்வது நல்லது. மலேசியாவில் விற்கும் புளூடூத் கருவிகள் சிரிம் சான்றும் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரையும் பெற்றிருக்க வேண்டும். இரவுச் சந்தையில் குவித்து விற்கும் போலிகளை இனம்காண அந்த முத்திரை உதவும்.

கேட்டுப் பார்த்தல்

நன்றாகப் பழகிய பாட்டைக் கொண்டே சோதிக்க வேண்டும். நாதஸ்வரம் நல்ல அளவுகோல்: 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை நம் காது மிகக் கூர்மையாக உணர்வதால், அந்த இடத்தில் மிகைப்படுத்தும் இயர்போனில் நாதஸ்வரம் குத்தும். யோகி பி, நட்சத்திராவின் 2006ஆம் ஆண்டு ‘வல்லவன்’ தொகுப்பு போன்ற ராப் இசையில், அதிரும் பேஸ் சொற்களை மூடுகிறதா என்று தெரிந்துவிடும். தைப்பூசத்தின் உறுமி மேளப் பதிவில் ஒவ்வொரு கருவியும் தனித்துக் கேட்டால் அந்த இயர்போன் தேறியது.

வாங்குமிடமும் உரிமையும்

புக்கிட் பிந்தாங்கில் 1999 முதல் இயங்கும் பிளாசா லோ யாட் கணினி, கைப்பேசிப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோனோரயில் ஏறி இம்பியில் இறங்கி நடந்துவிடலாம். நேரில் வாங்குவதன் லாபம், இரு காதிலும் ஒலி வருகிறதா, மைக் வேலை செய்கிறதா என்று அங்கேயே தெரிந்துகொள்வது. இணையத்தில் விலை குறைவாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து நேராக வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு வரி உண்டு என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பழுதான பொருளை மாற்றித்தர உள்ளூர் விற்பனையாளர் மறுத்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. இரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.