அருமையும் விலையும்: கூடைப்பந்து அட்டைகள் கூறும் வரலாறு

ஒரு பொருளின் விலையை எது தீர்மானிக்கின்றது என்ற வினா பொருளியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். பண்டங்களின் பெறுமதி அவற்றை ஆக்குவதற்குத் தேவையான உழைப்பிலேயே தங்கியுள்ளது என்று 1817இல் நிறுவ முற்பட்ட டேவிட் ரிக்கார்டோ, தமது விதிக்கு ஒரு விலக்கையும் கூறிச் சென்றார். அரிய சிலைகளையும் ஓவியங்களையும், கிடைத்தற்கரிய நூல்களையும் நாணயங்களையும் எவ்வளவு உழைத்தாலும் பெருக்க இயலாது. ஆதலின் அவற்றின் விலை உழைப்பைப் பொறுத்ததன்று, அவற்றை விரும்புவோரின் செல்வத்தையும் ஆசையையும் பொறுத்தது என்பது அவர் கருத்து. நாள்தோறும் சந்தையில் கைமாறும் பண்டங்களுள் இத்தகையவை மிகச் சிறு பகுதியே என்பதால், அவர் இவ்விலக்கை அவ்வளவில் விட்டுவிட்டார்.

இவ்விலக்கையே ஒரு தொழிலாக்க முடியுமா? எவ்வளவு வேண்டுமானாலும் அச்சிடக்கூடிய ஒரு பொருளை வேண்டுமென்றே அரிதாக்கி, பழம்பெரும் ஓவியத்தின் விலைக்கு விற்க முடியுமா? முடியும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் கூடைப்பந்து அட்டைகளே சான்று. உள்ளங்கைக்குள் அடங்கும் கடதாசி மட்டை. ஒரு புறத்தில் விளையாட்டு வீரரின் படம், மறுபுறத்தில் அவரது ஆட்டக் கணக்கு. இவ்வளவுதான் பொருள். இத்தகைய அட்டையொன்று 2025 ஆகஸ்ட் மாதத்தில் ஏலவிற்பனையில் 1 கோடியே 29 இலட்சத்து 32 ஆயிரம் டொலருக்குப் போயிற்று. இந்த விலை எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்குவது பயனுடையதாகும்.

விளையாட்டு வீரர் அட்டைகள் விற்பனைப் பண்டங்களாகத் தோன்றியவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிகரெட் பெட்டிகளுள்ளும், பின்னர் சிறுவருக்கான சூயிங்கம் பொதிகளுள்ளும் வைக்கப்பட்ட விளம்பரத் துண்டுகளே அவை. கூடைப்பந்தைப் பொறுத்தவரை, பௌமன் என்னும் சூயிங்கம் கொம்பனி 1948இல் வெளியிட்ட 72 அட்டைகள் முதற் பெருந்தொகுதி எனலாம். நெடிய வீரர் ஜோர்ஜ் மைக்கனின் அட்டை அதில் அடங்கியது. ஆயினும் அக்காலத்து அமெரிக்கச் சிறுவனின் உள்ளத்தை ஆண்டது பேஸ்போல் ஆட்டமே. புரூக்லினில் இயங்கிய ரொப்ஸ் கொம்பனி 1957ஆம் ஆண்டுப் பருவத்திற்கு 80 கூடைப்பந்து அட்டைகளை வெளியிட்டது. விற்பனை போதாமையால் மறு ஆண்டு தொடரவில்லை. பிளியர் கொம்பனி 1961இல் 66 அட்டைகளை வெளியிட்டு, அதுவும் ஒரே ஆண்டுடன் நிறுத்திக்கொண்டது. அட்டைகளைச் சுவரில் எறிந்து விளையாடினார்கள். துவிச்சக்கர வண்டியின் கம்பிகளுக்கிடையே செருகி ஒலியெழுப்பினார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் தாய்மார் அவற்றைக் குப்பையுடன் அகற்றினார்கள்.

இன்று பெருவிலை பெறும் பில் ரசலின் முதல் அட்டை 1957ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்தது. வில்ற் சேம்பர்லின், ஒஸ்கார் ரொபேட்சன், ஜெரி வெஸ்ற் ஆகியோரின் முதல் அட்டைகள் 1961ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்தவை. அன்று வேண்டுவாரின்மையால் அருகிப்போனவை, அருகியமையால் இன்று வேண்டப்படுகின்றன. இவ்வருமையை எவரும் திட்டமிடவில்லை. கவனிப்பின்மையும் காலமும் சேர்ந்து அதனைப் படைத்தன. ரிக்கார்டோ கூறிய விலக்கு இக்கட்டத்திற்கு முற்றிலும் பொருந்துகின்றது.

இந்நிலைமையின் கடைசி உதாரணம் 1986ஆம் ஆண்டுத் தொகுதியாகும். ரொப்ஸ் 1982இல் கூடைப்பந்து அட்டைகளைக் கைவிட்டிருந்தது. நான்காண்டுகளின் பின் பிளியர் 132 அட்டைகளை வெளியிட்டது. அவற்றுள் 57ஆம் எண்ணுடையது, 1984இல் தொழில்முறை ஆட்டத்துட் புகுந்த மைக்கல் ஜோர்டனின் படத்தைத் தாங்கியது. பொதியொன்றின் விலை 40 சதம். அதனைக்கூட வாங்குவாரின்றிப் பல கடைகளில் பொதிகள் தேங்கிக் கிடந்தன.

ஆனால் அதே காலத்தில் அமெரிக்க சமுதாயத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1950களில் அட்டை சேர்த்த சிறுவர்கள் இப்போது சம்பளம் பெறும் நடுத்தர வயதினர். இளமையில் இழந்ததைப் பணங்கொடுத்து மீட்க அவர்கள் முற்பட்டனர். ஜேம்ஸ் பெக்கற் என்ற புள்ளிவிபரவியற் பேராசிரியர் 1984இல் அட்டை விலைகளைப் பட்டியலிடும் மாதச் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கினார். 1990இல் கூடைப்பந்துக்கெனத் தனிச் சஞ்சிகையும் தோன்றியது. விலைப்பட்டியல் அச்சானதும் அட்டையின் இயல்பே மாறிவிட்டது. முன்னர் பொதியைப் பிரித்த சிறுவன் வீரனின் முகத்தைத் தேடினான். இப்போது பட்டியலில் அவ்வெண்ணுக்கு நேரே என்ன தொகை உள்ளது என்பதைத் தேடினான். பயன்படுத்துவதற்கு இருந்த பொருள், பரிவர்த்தனைக்கு உரிய பொருளாயிற்று.

இலாபத்தின் மணம் பட்டதும் கொம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்தன. 1989க்கும் 1993க்கும் இடையில் அச்சு இயந்திரங்கள் ஓயாது ஓடின. வாங்கியவர்களும் முன்போல் எறிந்துவிடவில்லை. நாளைய செல்வமெனக் கருதிப் பெட்டி பெட்டியாகப் பாதுகாத்தனர். விளைவு யாது? அக்கால அட்டைகளுட் பெரும்பாலானவை இன்று சில சதங்களுக்கும் விலைபோவதில்லை. ஈண்டு ஒரு விடயம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஜோர்டன் தமது முதலாவது சம்பியன் பட்டத்தை வென்றது 1991இல். புகழின் உச்சியில் நின்ற அவ்வீரரின் அவ்வாண்டுச் சாதாரண அட்டை அற்ப விலையுடையது. அவர் அப்பட்டத்தை இன்னும் வென்றிராத 1986ஆம் ஆண்டின் அட்டையோ பெருஞ் செல்வம். ஆகவே வீரனின் திறமையே விலையைத் தீர்மானிக்கின்றது என்ற எளிய விளக்கம் இங்கு உடைந்துவிடுகின்றது. திறமை விருப்பத்தை எழுப்பலாம்; அவ்விருப்பம் விலையாக மாறுவதற்கு நிரம்பல் குறுகியிருத்தல் வேண்டும்.

இப்பாடத்தைக் கொம்பனிகள் நன்கு கற்றுக்கொண்டன. காலம் அருமையைப் படைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சுக்கூடத்திலேயே அதனைப் படைத்துவிடலாம் எனக் கண்டன. 1997ஆம் ஆண்டுப் பருவத்தில் வெளிவந்த ஒரு வகை அட்டை, வீரர் ஒருவருக்கு 100 படிகளே அச்சிடப்பட்டது. ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறிக்கப்பட்டது. முதற் பத்தும் பச்சை நிறம், எஞ்சிய தொண்ணூறும் சிவப்பு நிறம். நிறத்தை மாற்றுவதற்கான செலவு மிக அற்பம். விலையில் ஏற்பட்ட வேறுபாடோ மிகப் பெரிது. 2003ஆம் ஆண்டுப் பருவத்தில் அப்பர் டெக் கொம்பனி ஐந்து அட்டைகள் கொண்ட பொதியை 500 டொலருக்கு விற்றது. லெப்ரோன் ஜேம்ஸின் கையொப்பமும் சட்டைத் துண்டும் பதித்த அட்டை அத்தொகுதியில் 99 படிகளே வெளிவந்தது. அவற்றுள் ஒன்று 2021 ஏப்ரலில் 52 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. நாற்பது சதத்துடன் கடைக்கு வந்த சிறுவனுக்கு இவ்வுலகில் இடமில்லை. உள்ளே என்ன இருக்கின்றதென்று அறியாது பொதியை வாங்குபவன் உண்மையில் வாங்குவது ஒரு சீட்டிழுப்பு வாய்ப்பையே.

அச்சுக்கூடம் அருமையை ஆக்கத் தவறிய இடத்தில் தரச்சான்று அதனை ஆக்கிற்று. 1991 முதல் இயங்கும் ஒரு நிறுவனம் கட்டணம் பெற்று அட்டைகளின் மூலைகளையும் ஓரங்களையும் ஆராய்ந்து, 1 முதல் 10 வரை புள்ளியிட்டு, பிளாஸ்ரிக் பேழையில் அடைத்துத் தருகின்றது. ஜோர்டனின் 1986ஆம் ஆண்டு அட்டை எண்ணிக்கையில் அரியதன்று, ஆயிரக்கணக்கில் உள்ளது. ஆனால் அந்நிறுவனத்திடம் 10 புள்ளி பெற்றவை 300க்குச் சற்று மேற்பட்டவையே. 9 புள்ளி பெற்றதற்கும் 10 புள்ளி பெற்றதற்கும் வெறுங் கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. விலையிலோ பன்மடங்கு வேறுபாடு. இத்தகைய சான்றின் உறுதி எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியே போதும். இந்நிறுவனம் முதன்முதலாகச் சான்றளித்தது உலகப் புகழ்பெற்ற பழைய பேஸ்போல் அட்டை ஒன்றுக்கு. அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதை, அதனை முன்னர் விற்ற வணிகர் 2013இல் ஒப்புக்கொண்டார்.

நிரம்பலின் பக்கம் இவ்வாறாக, கேள்வியின் பக்கம் யாது நிகழ்ந்தது? தனியொரு அட்டையின் விலையை நாளாந்தம் அசைப்பவை பல. வீரன் விருது பெற்றால் ஏறும். முழங்கால் காயமுற்றால் இறங்கும். கோபி பிரயன்ற் 2020 ஜனவரியில் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தபோது அவரது அட்டைகளின் விலை திடீரென உயர்ந்தது. இவையெல்லாம் அலைகள். அலைகளுக்கு அடியில் ஓடும் நீரோட்டமோ பணத்தின் பெருக்கமும் சுருக்கமுமாகும்.

2020, 2021ஆம் ஆண்டுகள் இதனைத் தெளிவாகக் காட்டின. கொவிட்-19 நோய் பரவியதும் அமெரிக்க மத்திய வங்கி வட்டி வீதத்தைப் பூச்சியத்தின் அருகே இறக்கியது. அரசாங்கம் தகுதியுடையோருக்குத் தலைக்கு 1200 டொலர்வரை வழங்கிற்று. மக்கள் வீடுகளுள் அடைந்து கிடக்க, ஜோர்டனைப் பற்றிய பத்துப் பகுதித் தொலைக்காட்சித் தொடர் ஏப்ரல், மே மாதங்களில் ஒளிபரப்பாயிற்று. வட்டி தராத வங்கியில் தங்க விரும்பாத பணம் புகலிடம் தேடியலைந்தது. அப்புகலிடங்களுள் அட்டையும் ஒன்றாயிற்று. 10 புள்ளி பெற்ற ஜோர்டன் அட்டைகள் இரண்டு 2021 ஜனவரி இறுதியில் தலா 7 இலட்சத்து 38 ஆயிரம் டொலருக்கு விலைபோயின. தரம் பார்க்கும் நிறுவனம் வந்து குவிந்த அட்டைகளைச் சமாளிக்க இயலாது, மார்ச் மாதத்தில் பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்தது. மே மாதத்தில் ரார்கெற் என்ற பெரும் அங்காடி நிறுவனம், வாடிக்கையாளரிடையே நிகழ்ந்த கைகலப்பின் பின் தன் கடைகளில் அட்டை விற்பனையை இடைநிறுத்தியது.

ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே ஜோர்டன் அட்டையின் விலை அதன் உச்சத்தின் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அட்டை அதே அட்டை. புள்ளி அதே புள்ளி. ஜோர்டனின் புகழிலும் குறைவில்லை. ஊகவாணிபத்திற்கு வந்த பணம் திரும்பிப் போனதே காரணம். 2022 மார்ச் முதல் வட்டி வீதம் ஏறத் தொடங்கியதும் தளர்ச்சி மேலும் பரவிற்று. கடைசியாக உச்ச விலையில் வாங்கியவர்களே அந்த நட்டத்தைச் சுமந்தார்கள்.

இவ்வளவு நேரமும் விலையைப் பற்றிப் பேசினோம். அட்டையில் படமாக இருக்கும் மனிதரைப் பற்றியும் பேசவேண்டும். ஏனெனில் அவர்களது உழைப்பின்றி அவ்வட்டை வெறும் மட்டையே. 1957ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்ற பொப் கூசி, அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே கூடைப்பந்து வீரர்களின் தொழிற்சங்கத்தை அமைத்தவர். அத்தொகுதியின் கறுப்பின வீரரான பில் ரசலும் அவருடைய தோழர்களும், 1961இல் லெக்சிங்ரன் நகரின் உணவகத்தில் நிறத்தின் பொருட்டு உணவு மறுக்கப்பட்டபோது, அன்றைய ஆட்டத்தில் ஆட மறுத்து ஊர் திரும்பினர். 1964 ஜனவரியில் பொஸ்ரன் நகரில், தொலைக்காட்சி காத்திருக்க, ஓய்வூதியம் பற்றிய உறுதி கிடைக்கும்வரை ஆடுகளத்திற்கு வரமாட்டோமென அறைக்குள் இருந்து வென்றவர்களுள் ரசல், சேம்பர்லின், ரொபேட்சன், வெஸ்ற் ஆகிய நால்வரும் அடங்குவர். வீரரை அவர் அணிக்கே கட்டிவைத்த ஒப்பந்த முறைக்கு எதிராக 1970இல் ரொபேட்சன் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கு 1976இல் இணக்கத்தில் முடிந்து, அணி மாறும் உரிமைக்கு வழி திறந்தது.

அட்டையையே பொருளாகக்கொண்ட போராட்டமும் நிகழாமல் இல்லை. பேஸ்போல் வீரர்கள் தமது படத்திற்காக ரொப்ஸ் கொம்பனியிடம் ஆண்டுக்கு 125 டொலர் பெற்றுவந்தனர். அவர்களது தொழிற்சங்கத்தை நடத்திய மார்வின் மில்லர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒருவரும் கையெழுத்திடாதிருக்கச் செய்தார். 1968இல் கொம்பனி இறங்கிவந்தது. தொகை இரட்டித்ததுடன் விற்பனையில் ஒரு பங்கும் கிடைத்தது. முகம் யாருடையதோ அவருக்கே அதன் பயனிற் பங்குண்டு என்ற கொள்கை இவ்வாறு நிலைபெற்றது.

எனினும் அப்பங்கு முதல் விற்பனையுடன் முடிந்துவிடுகின்றது. பின்னர் ஏலத்திலிருந்து ஏலத்திற்கு அட்டை மாறும்போது ஏறும் தொகை, உடைமையாளனுக்கும் தரகனுக்குமே உரியது. 2025இல் சாதனை விலை பெற்ற அட்டையை மீண்டும் நினைவுகூர்வோம். ஜோர்டனதும் பிரயன்றினதும் ஆட்டச் சட்டைகளிலிருந்து வெட்டப்பட்ட இலச்சினைத் துண்டுகளும் அவ்விருவரின் கையொப்பங்களும் பதித்த, ஒரே ஒரு படி கொண்ட அட்டை அது. உழைத்த உடலின் வியர்வை தோய்ந்த ஆடையைத் துண்டாக்கி, ஒன்றுக்குமேல் ஆக்குவதில்லை என்று முடிவுசெய்ததே அதன் அருமைக்கு அடிப்படை. அத்தகைய முடிவைச் செய்யும் அதிகாரமும் ஒரே கையில் குவிந்துள்ளது. 2009 முதல் பனினி நிறுவனத்திடம் இருந்த கூடைப்பந்து அட்டைத் தனியுரிமை, 2022இல் ரொப்ஸை வாங்கிய பனற்றிக்ஸ் நிறுவனத்திடம் 2025இல் சென்றது.

ரிக்கார்டோவின் காலத்தில் அருமை பொருளின் இயல்பாகத் தோன்றியது. இறந்துபோன ஓவியன் மீண்டும் வந்து வரையமாட்டான். அட்டையின் வரலாறோ அருமை மனிதரால் ஆக்கப்படக்கூடியது என்பதைக் காட்டுகின்றது. பொருளுக்குள் ஒளிந்திருப்பதாகத் தோன்றும் விலை, உண்மையில் மனிதருக்கிடையிலான உறவுகளின் வெளிப்பாடேயாகும். எனவே ஏதேனும் ஒரு பொருளின் விலை திடீரென ஏறும்போது நாமும் நம் மாணவரும் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு: அதன் அளவைக் குறுக்குபவர் யார்? அதன் தரத்துக்குச் சான்று கூறுபவர் யார்? எங்கிருந்து வந்த பணம் அதனைத் துரத்துகின்றது? எவருடைய உழைப்பு அதற்கு உயிர் கொடுத்தது? விளையாட்டு அட்டைக்குக் கேட்கப்படும் இவ்வினாக்களை, அரிசிக்கும் வீட்டுக்கும் நிலத்துக்கும் கேட்பதில் தவறில்லை.