தோட்டத்துப் பாதை – 23: இரும்புத் திண்ணை

1948 ஜூன் 16 காலை பேராக்கின் சுங்கை சிப்புட்டில் வெடித்த துப்பாக்கியை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். எல்ஃபில் தோட்டத்து அலுவலக வாசல் வரை எழுதியும் விட்டேன். ஆனால் தோட்டத்து ஆபீசை நினைத்தால் பக்கத்துப் பால் ஸ்டோரும் நினைவுக்கு வருகிறது, அதோடு மூக்கில் ஏறும் அமோனியாவும். அதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை.

மரத்தில் கட்டிய மங்கில் இறங்கிய ரப்பர்ப் பால் வாளிக்கு வந்தபின் நெடுநேரம் காத்திருக்காது, உறையத் தொடங்கிவிடும். அதனால் அம்மா ஒரு சின்னப் போத்தலில் அமோனியா கொண்டுபோவார். சில சொட்டு விட்டால், ஸ்டோரில் நிறுக்கும்வரை பால் பாலாகவே இருக்கும். ஷீட்டுக்குப் போகும் பாலைப் பிறகு பார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். கப்பலேறும் பாலுக்குக் கடைசிவரை அமோனியாதான் காவல்: 60 விழுக்காடு ரப்பராக இறுக்கிய பாலில் ஏறத்தாழ 0.7 விழுக்காடு. இன்றைய கையுறை ஆலைகளுக்குப் போகும் பாலிலும் இதே காவல்தான்.

அந்தப் போத்தல் மலிவாகக் கிடைக்க வழி திறந்தது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில். 1909 ஜூலையில் ஃபிரிட்ஸ் ஹேபரும் ராபர்ட் லெ ரோசிஞோலும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அழுத்தி, அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக வடித்துக் காட்டினார்கள். ஆனால் அந்த வினையைத் தூண்ட அவர்கள் வைத்த உலோகம் ஆஸ்மியம். ஆலை நடத்துமளவுக்கு அது உலகத்திலேயே இல்லை.

இங்கேதான் என் நாயகர் வருகிறார். பிஏஎஸ்எஃப் நிறுவனத்து அல்வின் மிட்டாஷ். ஆஸ்மியத்துக்கு மாற்றுத் தேடி, ஏறத்தாழ 2,500 பொருள்களை 6,500 முறை சோதித்துப் பார்த்த மனிதர். சுவீடனின் காலிவாரே சுரங்கத்து இரும்புத் தாது ஒன்று நன்றாக வேலை செய்தது. சுத்தமான இரும்பு செய்யவில்லை. அப்படியானால் கலந்திருக்கும் அழுக்கில்தான் சூட்சுமம் என்று பிடித்தார். இரும்போடு அலுமினா, கொஞ்சம் பொட்டாசியம். 1913இல் ஒப்பாவில் ஆலை ஓடியது.

அந்த இரும்பு என்ன செய்கிறது? நைட்ரஜனின் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்பால் இறுகக் கட்டிக்கொண்டு திரிபவை. கடுஞ்சூட்டால் பிரிக்கப் பார்த்தால், உண்டாகிற அமோனியாவே அந்தச் சூட்டில் உடைந்துபோகும். இரும்பின் மேற்பரப்பு ஒரு திண்ணை. வழிப்போக்கனாக வரும் நைட்ரஜன் முதலில் பட்டும்படாமல் உட்காரும், பிறகு சாய்ந்து படுக்கும். இரும்பு தன் எலெக்ட்ரான்களை அதற்குள் இறக்கும். கட்டு தளர்ந்து அறும். அணுக்கள் தனித்தனியே திண்ணையைப் பற்றிக்கொள்ளும். முழு வேலையிலும் மெதுவான படி இதுதான். ஹைட்ரஜனோ அங்கே சுலபமாகப் பிரிந்து கிடக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அது நைட்ரஜனோடு சேர, அமோனியா எழுந்து போய்விடும். இடம் காலி, அடுத்தது வரலாம். பொட்டாசியம் இரும்பின் கையைத் தாராளமாக்குகிறது. அலுமினா இரும்புத் துகள்கள் ஒட்டிப்போகாமல் காக்கிறது. கந்தகம் வந்து உட்கார்ந்தால் எழவே எழாது, வேலை படுத்துவிடும்.

இந்தப் படிகள் மிட்டாஷுக்குத் தெரியாது. கெர்ஹார்ட் எர்ட்ல் அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டு காட்டியதற்கும் சேர்த்துத்தான் 2007இல் நோபல் பெற்றார். ஹேபருக்கு 1918ஆம் ஆண்டுக்கான நோபல் முன்பே கிடைத்துவிட்டது. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட முன்னின்றவரும் அவரே. அவரை நாயகராக ஏற்க என்னால் முடியாது. ஆயிரக்கணக்கான முறை தவறி, மறுநாளும் விளக்கேற்றி அடுத்த பொருளை எடுத்து வைத்தவரே எனக்குப் பெரியவர். இருட்டோடு பெரட்டில் பேர் கொடுக்கப் போய், முந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி, மறுநாளும் அதே நிரைக்குப் போன என் அம்மாவை அவரிடம் காண்கிறேன்.

இன்று பேராக்கின் பல ரப்பர்க் காடுகளில் நிற்பது செம்பனை. அதற்குப் போடும் யூரியாவும் அமோனியாவிலிருந்து வருவதே. பிந்துலுவில் 1985 முதல் ஓடும் ஆலையும் அமோனியாவைச் செய்தே யூரியா செய்கிறது. தோட்டத்தில் மரம் மாறியது, திண்ணை மாறவில்லை.

எல்ஃபில் தோட்டத்துக்குச் சைக்கிளில் வரும் மூன்று இளைஞர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(பாதை நீளும்)