ஃபார்முலா ஃபோர்டு (பிரிட்டன்)

ஃபார்முலா ஃபோர்டு என்பது இளம் ஓட்டுநர்களுக்காக 1967இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஒற்றை இருக்கைக் கார் பந்தய வகை. கைக்கு எட்டும் செலவில் பந்தயம் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே பிறந்தது. அந்தச் செலவு எல்லை மீறப்பட்டபோது, அதன் முதன்மைத் தொடர் 2014உடன் முடிவுக்கு வந்தது.

தொடக்கம் ஒரு பயிற்சிப் பள்ளியின் கவலையிலிருந்து வந்தது. ஜெஃப் கிளார்க் நடத்திய பந்தயப் பள்ளியில், மாணவர்கள் பழுதாக்கும் பந்தய எஞ்சின்களையும் தேய்த்துத் தீர்க்கும் டயர்களையும் மாற்றிக் கட்டுப்படியாகவில்லை. சாதாரண ஃபோர்டு கார்ட்டினா காரின் எஞ்சினையும் சாலை டயர்களையும் பொருத்திப் பார்த்தார்கள், போதுமானதாக இருந்தது. பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடத்தை நிர்வகித்த ஜான் வெப் இதைத் தனிப் பந்தய வகையாக்க முனைந்தார். ஃபோர்டு நிறுவனம் ஆதரவு தந்தது. கார் ஒன்றின் விலை 1000 பவுண்டு என்பது இலக்கு. 1967 ஜூலை 2 அன்று பிராண்ட்ஸ் ஹாட்சில் நடந்த முதல் பந்தயத்தில் ரே ஆலன் வென்றார்.

கார் எளிமையானது. இரும்புக் குழாய்களால் ஆன சட்டம், விரைவிலேயே நிலைபெற்ற 1600 சிசி 'கென்ட்' எஞ்சின், நான்கு கியர். இறக்கைகள் கிடையாது. காற்றின் அழுத்தம் காரைத் தரையோடு பிடித்து வைக்காததால், வளைவில் காரை நிலைநிறுத்தும் பொறுப்பு ஓட்டுநரின் கையிலும் காலிலும்தான் இருந்தது. முன்னால் செல்லும் காரின் பின்காற்றில் ஒட்டிச் சென்று முந்துவதும் எளிது. கடைசி வளைவு வரை வெற்றி யாருக்கு என்று தெரியாது. ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி பின்னர் அமையவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கார் ஓட்டுநரின் சொந்த உடைமையாக இருக்க முடிந்தது என்பது அதைவிட முக்கியம். வீட்டுக் கொட்டகையில் நண்பர்களோடு பழுது பார்க்கலாம், டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்லலாம், பருவம் முடிந்ததும் காரை விற்று, போட்ட பணத்தில் ஒரு பகுதியை மீட்கலாம். எமர்சன் ஃபிட்டிபால்டி ஓட்டிய அதே மெர்லின் கார் பின்னர் காலின் வாண்டர்வெல், ஜோடி ஷெக்டர் ஆகியோரின் கைக்கும் சென்று வென்றது. ஃபிட்டிபால்டியும் ஷெக்டரும் பிறகு உலகச் சாம்பியன்கள் ஆனார்கள். நைஜல் மான்செல், அயர்டன் சென்னா (1981), ஜென்சன் பட்டன் (1998) ஆகியோரும் இங்கே பட்டம் வென்றவர்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 1994இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார்.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. 1993இல் கென்ட் எஞ்சினுக்குப் பதில் 1800 சிசி ஜீடெக், 2006இல் டியூராடெக், 2012இல் டர்போ பொருத்திய ஈகோபூஸ்ட் என முதன்மைத் தொடர் மாறிக்கொண்டே போனது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய கார் மதிப்பிழந்தது. புதிதாகச் செலவிட முடியாதவர் விலகினார். இன்னொரு பக்கம் ஃபார்முலா ரெனோ, 2004இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ எனப் போட்டித் தொடர்கள் இளைஞர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. 2013இல் கார்களுக்கு இறக்கையும் முளைத்தது. அத்தோடு ஃபார்முலா ஃபோர்டின் தனித்தன்மை போயிற்று.

2015இல் அதன் இடத்துக்கு, சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் ஃபார்முலா 4 விதிப்படி அமைந்த எம்எஸ்ஏ ஃபார்முலா வந்தது. கார்பன் இழைச் சட்டம், ஸ்டீயரிங்கிலேயே கியர் மாற்றும் வசதி. முதல் சாம்பியன் லாண்டோ நோரிஸ். செலவைக் கட்டுக்குள் வைப்பதே ஃபார்முலா 4இன் நோக்கமாகவும் சொல்லப்பட்டது. ஆனால் காரின் விலையைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது. அணிக்குத் தரும் கட்டணம், ஓயாத சோதனை ஓட்டங்கள், தரவு ஆராயும் பொறியாளர்கள் ஆகியவற்றில்தான் பணம் கரைகிறது. இன்று ஓட்டுநர் காரை வாங்குவதில்லை; அணியில் ஓர் இருக்கையை ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார். பருவ இறுதியில் விற்று மீட்க அவரிடம் எதுவும் இல்லை. 2016 முதல் ஃபார்முலா 1 உரிமத்துக்குப் புள்ளிகள் கட்டாயமானதால், புள்ளி தரும் தொடர்களைத் தவிர்த்து மலிவான வழியில் மேலே வரும் வாய்ப்பும் அடைபட்டது. திறமைக்கு முன்பே குடும்பத்தின் வசதி கணக்கில் வந்துவிடுகிறது.

பழைய கென்ட் எஞ்சின் கார்கள் மறையவில்லை. மன்றப் பந்தயங்களில் அவை இன்றும் ஓடுகின்றன. 1972இல் ஸ்னெட்டர்டனில் தொடங்கி 1976இல் பிராண்ட்ஸ் ஹாட்சுக்கு மாறிய ஃபார்முலா ஃபோர்டு திருவிழா அதே தடத்தில் தொடர்கிறது. சில்வர்ஸ்டோனில் 2001 முதல் வால்டர் ஹேஸ் கோப்பைக்கான பந்தயமும் அந்தக் கார்களை வைத்தே நடக்கிறது.