இருவரை இழந்த தலைவர்

1859ஆம் ஆண்டு செத்தெம்பர் 15ஆம் நாள் இசம்பாட் புறூனல் இறந்தார். ஒக்ரோபர் 12ஆம் நாள் றொபேட் ஸ்ரீபன்சனும் மறைந்தார். இடைப்பட்டவை 27 நாள்களே. அப்பொழுது இலண்டன் குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர் யோசப் லொக். இங்கிலாந்தின் புகையிரதப் பாதைகளை உருவாக்கிய மூவர் என வரலாற்றாசிரியர் ஒருங்கு வைத்தெண்ணுவோருள் எஞ்சியவர் அவர் ஒருவரே.

மூவரும் தொழிலிற் போட்டியாளர். புறூனல் 7 அடி அகலப் பாதையை வற்புறுத்த, ஏனைய இருவரும் 4 அடி 8½ அங்குலத்தையே ஆதரித்தனர். லொக், ஸ்ரீபன்சனின் தந்தையாகிய ஜோர்ஜிடம் தொழில் பயின்று, பின்னர் அவரோடு பிணங்கிப் பிரிந்தவருமாவார். எனினும் அப்பகைமை ஏட்டளவினதே எனக் கருத இடமுண்டு. 1849இல் மெனாய் நீரிணையிற் பிரித்தானியாப் பாலத்தின் முதலாவது இரும்புக் குழாய் மிதக்கவிடப்பட்ட வேளையில், ஸ்ரீபன்சனுக்குத் துணையாக அருகில் நின்றோர் புறூனலும் லொக்குமே. 1857 நவம்பரில் புறூனலின் 'கிறேற் ஈஸ்ரேண்' கப்பல் நீரில் இறங்காது நின்றபொழுது, உடல்நலங் குன்றியிருந்த ஸ்ரீபன்சன் தேம்ஸ் கரைக்குச் சென்று ஆலோசனை வழங்கினார். மறு ஆண்டு நத்தார்த் தினத்தன்று, நோயாளராகிய அவ்விருவரும் கெய்ரோவில் ஒருங்கிருந்து உணவருந்தினர். பாதையின் அகலம் பற்றிய வழக்கு அங்கே எழுந்திருக்குமோ, அறியோம்!

புறூனல் கென்சல் கிறீனில் அடக்கஞ் செய்யப்பட்டார். ஸ்ரீபன்சனின் உடல் ஒக்ரோபர் 21ஆம் நாள் வெஸ்மினிஸ்ரர் தேவாலயத்தில், அந்நிறுவனத்தின் முதற்றலைவராகிய தோமஸ் ரெல்போட்டின் கல்லறைக்கருகே வைக்கப்பட்டது. நவம்பரில் நிறுவனம் மீண்டுங் கூடியபொழுது, இருவரையும் பற்றித் தலைவராக நின்று உரைக்கும் கடமை லொக்குக்கே வாய்த்தது. வழமையான இரங்கலுரையன்று அது. தம்மோடு முப்பது ஆண்டுகள் முரணியும் இணங்கியும் வாழ்ந்தோரைப் பற்றியது.

1860 செத்தெம்பர் 18ஆம் நாள், தமது 55ஆம் வயதில், லொக்கும் காலமானார்.