நிலத்தின் வெப்பக் கணக்கு: ஒரு தொழில்நுட்ப வரலாறும் சில சொற்களும்

தட்பத்தையும் வெப்பத்தையும் இணைத்துத் ‘தட்பவெப்பம்’ என ஒரே சொல்லாக வழங்குவது தமிழ் மரபு. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த அம்மரபில், வேனிலுக்கு ஒரு பள்ளியும் கூதிருக்கு ஒரு பள்ளியும் மாளிகைக்குள் இருந்தமையைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. காலம் மாறும்போது மாந்தர் இடம் மாறினர். இருபதாம் நூற்றாண்டின் பொறியியலோ மாந்தரை இருந்த இடத்திலேயே இருத்தி, வெப்பத்தை இடம் மாற்ற முனைந்தது. அம்முயற்சியுள் ஒன்றாகிய நிலவெப்ப இறைப்பியின் வரலாற்றையும், அதனுள் எழுந்த சமநிலைச் சிக்கலையும் இவ்வுரையில் காண்போம்.

இறைப்பியின் தோற்றம்

வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் விடும் பொறியால் கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் இயலும் என்று, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1852இல் எடுத்துரைத்தார். அவ்வெப்பத்தை நிலத்திலிருந்தே பெறலாம் என்னும் கருத்துக்கு 1912இல் சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிக் சோலி காப்புரிமை பெற்றார். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே சுவீடன், சுவிட்சர்லாந்து முதலிய குளிர்நாடுகளில் இம்முறை பரவலாயிற்று. நிலத்தில் நூறு மீட்டர் அளவு துளையிட்டு, குழாயில் நீரைச் சுழலவிட்டு, குளிர்காலத்தில் நிலத்தின் வெப்பத்தை வீட்டுக்குள் கொணர்வதும், கோடையில் வீட்டின் வெப்பத்தை நிலத்துள் விடுவதும் இதன் செயல்முறை.

இதனை ‘இறைப்பி’ என்பது பொருத்தமே. ‘இறைத்த கிணறு ஊறும்’ என்பது பழமொழி. ஆயின் ஊறுவதற்குக் காலம் வேண்டும் என்பது அப்பழமொழி சொல்லாமல் விட்ட செய்தி. அச்செய்தியே நம் பொருளின் மையம்.

ஊறும் காலம்

ஆண்டுதோறும் மாறும் வெயிலும் குளிரும் நிலத்துள் பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே ஏறத்தாழ உணரப்படுவதில்லை. அதற்குக் கீழ் வெப்பநிலை மாறாதிருப்பதால், நிலம் வற்றாத களஞ்சியம் என்னும் எண்ணம் எழுந்தது. மண்ணிலும் பாறையிலும் வெப்பம் மிக மெதுவாகவே பரவுவதுதான் அம்மாறாமைக்குக் காரணம். எடுத்த வெப்பம் திரும்ப வந்து சேர்வதும் அதே மெதுவோட்டத்தில்தான் நிகழும்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர் எஸ்கில்சன் 1987இல் அளித்த ஆய்வேடு இதனைக் கணக்கில் வடித்தது. அவர் வகுத்த வாய்பாட்டில் நூறு மீட்டர்த் துளையையும் பாறையின் இயல்பான வெப்பப் பரவல் அளவையும் இட்டால், நிலம் புதிய நிலைக்கு வந்தமையும் காலம் முப்பத்தைந்து ஆண்டளவு எனக் கிடைக்கிறது.

சூரிச் அருகே எல்க் என்னும் ஊரில் 1986இல் ஒரு வீட்டுக்கென இட்ட 105 மீட்டர்த் துளை நெடுங்காலம் அளக்கப்பட்டது. முதற் சில ஆண்டுகளில் சுற்றுநிலம் சற்றுக் குளிர்ந்தது; பின்னர்க் குளிர்ச்சி ஏறத்தாழ நிலைபெற்றது. முப்பது ஆண்டு இறைத்தபின் நிறுத்தினால், நிலம் பழைய நிலையை அணுகவும் ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆகும் என்பது அதன்வழிச் செய்த கணிப்பு. ஒரு தலைமுறை எடுத்ததை அடுத்த தலைமுறை காத்திருந்தே பெற வேண்டும்.

மிகுந்த வெப்பம்

தனித்துளை தாங்குவதைத் துளைக்கூட்டம் தாங்காது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள ஸ்டாக்டன் கல்லூரியில் 1994இல் ஏறத்தாழ 130 மீட்டர் ஆழமுள்ள 400 துளைகள் பயன்பாட்டுக்கு வந்தன. அங்கே சூடாக்கும் தேவையினும் குளிர்விக்கும் தேவை மிகுதி. எடுத்ததினும் விட்டது மிகவே, நிலம் ஆண்டுதோறும் வெப்பமேறிற்று. குளிர்காலக் குளிர்ச்சியை நிலத்தடி நீரில் சேமித்துக் கோடையில் எடுக்கும் அமைப்பு 2008இல் அங்குச் சேர்க்கப்பட்டது.

இவ்வழி ஆசியாவுக்குப் புதிதன்று. ஷாங்காய் நகரின் ஆலைகள் குளிர்ச்சிக்காக நிலத்தடி நீரை மிகுதியாக எடுத்தமையால் நிலம் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அதனைத் தடுக்க 1960களில் நீரை மீளச் செலுத்தியபோது, குளிர்காலத்தில் செலுத்திய நீர் கோடையிலும் குளிர்ந்தே இருத்தலைக் கண்டு, அதனையே ஆலைகளுக்குப் பயன்படுத்தினர். இன்று இம்முறை மிகப் பரவியுள்ள நெதர்லாந்தில், நிலத்தில் விடும் வெப்பமும் குளிர்ச்சியும் கணக்கிடப்பட்டுச் சட்டத்தால் நெறிப்படுத்தப்படுகின்றன.

கூதிர் இல்லா நிலம்

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகையில் உள்ளது. இங்கு மாதங்களின் சராசரி வெப்பநிலைகள் ஏறத்தாழ இரண்டு பாகைக்குள் அடங்கும். பருவமழை உண்டு, கூதிர் இல்லை. நிலத்தின் வெப்பநிலையும் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே அமையும். எனவே குளிர்நாட்டு முறையை அப்படியே இங்கு நட்டால், ஆண்டின் பன்னிரண்டு மாதமும் நிலம் வெப்பத்தைப் பெறுமேயன்றித் தருவதில்லை. வரவு மட்டுமே உள்ள அக்கணக்கில் சுழலும் நீர் ஆண்டுக்காண்டு சூடேறும். பொறி உண்ணும் மின்சாரமும் ஏறும்.

இதற்குச் சில வழிகள் உண்டு. துளைகளைத் தள்ளித் தள்ளி அமைத்தல் ஒன்று. வெப்பத்தின் பெரும்பகுதியைக் குளிர்விப்புக் கோபுரத்தின் வழியே காற்றில் விட்டு, நிலத்தை உச்சிவேளைத் துணையாக மட்டும் கொள்ளுதல் மற்றொன்று. வெப்பமேறிய நிலத்தை இரவின் குளிர்ந்த காற்றால் ஆற்றுதல் மூன்றாவது. மருத்துவமனை, விடுதி போன்றவற்றுக்கு வேண்டும் சுடுநீருக்கு அவ்வெப்பத்தையே எடுத்துக்கொள்ளுதல் நான்காவது. எதனைத் தேர்ந்தாலும் நிலத்தின் வெப்பநிலையை ஆண்டுதோறும் அளத்தல் இன்றியமையாதது. தரவு மையங்கள் பெருகிவரும் ஜொகூரில், வெளியேற்றும் வெப்பம் எங்கே செல்கிறது என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று.

வகுப்பறைக்குரிய சொல்

பாடநூல்களில் நிலவெப்பத்தைப் ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்கிறோம். ‘தக்க’ என்னும் ஈறு இயலுமையைக் குறிக்கிறது; தானே நிகழும் என உறுதி கூறவில்லை. ஊறும் அளவறிந்து இறைத்தால் அச்சொல் மெய். அளவு மீறினால் அது வெறும் பெயர். ஆசிரியர்கள் இச்சொல்லைக் கற்பிக்கும்போது, எவ்வளவு காலத்தில் புதுப்பிக்கப்படும் என்னும் வினாவையும் மாணவர் கேட்கச் செய்தல் வேண்டும். எல்க்கும் ஸ்டாக்டனும் அதற்கு ஏற்ற இரு பாடங்கள்.