புகளூர்க் கல்வெட்டும் பதிற்றுப்பத்தும்: தரவும் கோட்பாடும் ஒன்றையொன்று தாங்கும் முறை

பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையில் வேலாயுதம்பாளையம். அங்கே முருகன் குடிகொண்ட ஆறுநாட்டார் மலையில் சமணத் துறவியர் தங்கிய குகைத்தளங்களும் கற்படுக்கைகளும் அவற்றையொட்டிய தமிழ்-பிராமி எழுத்துகளும் உள்ளன. ஆய்வுலகம் இவற்றைப் புகளூர்க் கல்வெட்டுகள் என்று வழங்குகிறது. தரவுகளைத் திரட்டி அடுக்கினால் கோட்பாடு தானே விளையும் என்பார் உண்டு. கோட்பாடுதான் தரவையே உண்டாக்குகிறது என்பாரும் உண்டு. இவ்விரு கூற்றும் குறையுடையவை என்பதற்கு இம்மலை சான்று. கோட்பாடு இல்லாமல் கல் வாய் திறப்பதில்லை. வாய் திறந்த கல், கோட்பாட்டுக்கு எப்போதும் தலையாட்டுவதும் இல்லை.

முதலில் வாசிப்பை எடுத்துக்கொள்வோம். மதுரைக்கு அருகே மாங்குளத்தில் இத்தகைய எழுத்துகள் 1882-இலேயே கண்டறியப்பட்டன. ஆனால் பிராமி என்றால் மொழி பிராகிருதமாகத்தான் இருக்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. எச். கிருஷ்ண சாஸ்திரி இவற்றின் மொழியைத் தமிழ்ச்சொல் கலந்த பாலி என்று கருதினார். 1924-இல் சென்னையில் கூடிய அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இது தமிழே என்று வாதிட்டார். ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்கென்று தனி வடிவங்கள் இருப்பதை அவர் கண்டுகொண்டார். கோடுகள் முன்பும் அதே பாறையில்தான் இருந்தன. மொழி குறித்த கருதுகோள் மாறியதும் அவை எழுத்துகளாயின.

அடுத்த படியை ஐராவதம் மகாதேவன் எடுத்து வைத்தார். அசோகர் பிராமியில் மெய்யின் வடிவத்துக்குள் அகரம் அடங்கியிருக்கும். பக்கக்கோடு சேர்ந்தால் அது ஆகாரம். பழைய தமிழ்க் குகைகளிலோ கோடில்லாத வடிவம் தனிமெய். கோடு அகரத்தையும் குறிக்கும். அங்கே ‘மகன்’ என்று வெட்டியதை அசோகர் முறைப்படி படித்தால் ‘மாகான’ என்று ஆகிவிடும். கல்லில் கோடு இருப்பது தரவு. அது குறிலா நெடிலா என்பது எழுத்துமுறை பற்றிய கோட்பாட்டின் தீர்ப்பு.

1960களின் நடுவில் அவர் வெளியிட்ட புகளூர்க் கல்வெட்டின் வாசிப்பு, சேரர் மூன்று தலைமுறையைக் காட்டியது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ. இளங்கடுங்கோ இளவரசரானபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த அமணருக்கு உறைவிடம் அமைத்துத் தந்ததைக் கல் கூறுகிறது. சேர அரசர்களைப் பாடும் சங்க நூலாகிய, உ.வே. சாமிநாதையர் 1904-இல் பதிப்பித்த பதிற்றுப்பத்தில் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்கள் செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை. ஆதன், இரும்பொறை, கடுங்கோ, பெரு, இள என்று பெயர்க்கூறுகள் ஒத்துவரவே, இவர்களே அவர்கள் என்ற முடிவு பரவலாக ஏற்கப்பட்டது.

ஆனால் தரவு இங்கே முரண்டு பிடிக்கிறது. ஒன்பதாம் பத்தின் பதிகம் இளஞ்சேரல் இரும்பொறையின் தந்தை குட்டுவன் இரும்பொறை என்கிறது. கல்லில் இளங்கடுங்கோவின் தந்தை பெருங்கடுங்கோன். பதிகம் பாட்டுக்குப் பின் சேர்ந்தது, அதனால் பிழைத்திருக்கலாம் எனலாம்; இளங்கடுங்கோ வேறொருவர் எனலாம்; பாலை பாடிய பெருங்கடுங்கோவையும் மருதம் பாடிய இளங்கடுங்கோவையும் இங்கே நினைப்பதும் உண்டு. எதைத் தேர்ந்தாலும் ஏதோ ஒரு சான்றின் மதிப்பைக் குறைத்தாக வேண்டும். அப்படிக் குறைப்பதை வெளிப்படையாகச் சொல்வதே ஆய்வு நேர்மை.

இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. கல்வெட்டின் காலத்தைப் பதிற்றுப்பத்தால் உறுதிசெய்து, பதிற்றுப்பத்தின் காலத்தை அதே கல்வெட்டால் உறுதிசெய்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். தரையில் காலூன்றியது எதுவும் இராது. இதற்கு மாற்று, வேறு வழியில் வந்த சான்று. கரூர் அமராவதிப் படுகையில் கிடைத்த, கொல்லிரும்பொறை, மாக்கோதை எனப் பெயர் பொறித்த காசுகள் அத்தகையவை. புலவர் வாக்குக்கு வெளியே, கடைத்தெருவில் கைமாறிய பொருள்கள் அவை.

தகடூர் அதியமான் குறித்த சான்று இன்னும் தெளிவானது. அசோகர் சாசனம் சொல்லும் ‘சதியபுதோ’ அதியமான் மரபினரே என்று அறிஞர் சிலர் பெயராய்வு வழியே முன்பே கருதினர். 1981-இல் திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பையில் கண்டறிந்த கல்வெட்டு, அந்தப் பட்டத்தையும் அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயரையும் ஒருசேரத் தந்தது. கோட்பாடு முன்னே நின்று கேட்டது. அதை அறியாத கல் பின்னே வந்து விடை சொன்னது. இவ்வாறு நிகழும்போது சார்பு சுழற்சியாகாமல் வளர்ச்சியாகிறது.

ஆகவே தரவும் கோட்பாடும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடக் கூடாது. எந்தக் கோடு கல்லில் உள்ளது, எது பாறை வெடிப்பு, எதை நாம் நிரப்பினோம் என்று மைப்படியிலும் பதிப்பிலும் பிரித்துக் காட்ட வேண்டும். அடுத்த தலைமுறை நம் வாசிப்பை மறுக்க அதுவே வழி. தமிழகத்துக் குகைகள் பலவற்றின் மேல் இன்று பெயிண்ட் கிறுக்கல்கள். பக்கத்திலே கல்குவாரி வெடிகள். தவறான கோட்பாட்டைத் திருத்திக்கொள்ளலாம், கல் இருக்கும்வரை. கல் போய்விட்டால் சரியான கோட்பாடும்கூட வெறும் நம்பிக்கையாகவே நிற்கும்.